மோனோசைட்டை எந்த மார்க்கரால் அடையாளம் காண்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு தக்கலையில், வேலை திருவனந்தபுரத்தில், ஒரு ஃப்ளோ சைட்டோமெட்ரி லேபில். சனிக்கிழமை ஊருக்கு வந்துவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் படிக்கிற பிள்ளைகளும் லேப் டெக்னீஷியன்களும் போனில் கூப்பிடுவார்கள். எங்கே சுற்றினாலும் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "அக்கா, மோனோசைட்டுக்கு எந்த சிடி போடணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில வரிகள். மோனோசைட் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில், ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு, எது எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளப்பதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. செல்லை அடையாளம் காட்டுகிற அந்தப் புரதங்கள்தான் மார்க்கர், அவற்றுக்குப் போட்ட பொது எண்தான் சிடி. 1982-இல் பாரிஸில் நடந்த பட்டறையில் தொடங்கிய வழக்கம் இது. அதற்கு முன்னால் ஒரே புரதத்தை ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு பேரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு மார்க்கர்தான் போட முடியும் என்றால் எது?

சிடி14. ஆனால் அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடைப் பிடித்து டிஎல்ஆர்4 என்ற எச்சரிக்கை ரிசப்டரிடம் ஒப்படைக்கிற புரதம் சிடி14. சாதாரண ரத்தத்தில் இதை அதிகமாகச் சுமப்பது மோனோசைட்தான். அதனால் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள், தப்பில்லை. இதிலேயே நின்றுவிடுவதுதான் தப்பு. வெள்ளை அணுவில் இன்னொரு வகையான நியூட்ரோஃபில்லிலும் கொஞ்சம் சிடி14 உண்டு. மோனோசைட்டிலேயே ஒரு கூட்டம் சிடி14-ஐ மிகக் குறைவாகத்தான் வைத்திருக்கும். முதிராத மோனோசைட்டில் அது பெரும்பாலும் வந்திருக்காது. ஒரு நோயில் முதிர்ந்த மோனோசைட்டிலேயே காணாமல் போய்விடும். இவற்றை ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் எத்தனை மார்க்கர் போடுவது? எப்படி யோசிப்பது?

எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். மணவாளக்குறிச்சி மணலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கும். வெறும் காந்தத்தை வைத்தால் இல்மனைட்டோடு கார்னெட்டும் மோனசைட்டும் சேர்ந்து இழுபடும். வெறும் மின்கடத்தும் தன்மையைப் பார்த்தால் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரே பக்கம் விழும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் இல்மனைட் தனி, ரூட்டைல் தனி. மின்சாரம் கடத்தாத பக்கத்தில் மோனசைட்டைக் காந்தம் இழுக்கும், சிர்க்கானை இழுக்காது.

மார்க்கரும் அப்படித்தான். ஒவ்வொரு மார்க்கரும் ஒரு கேள்வி. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது "இது மோனோசைட்டில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏற்கனவே போட்ட மார்க்கரோடு ஏமாற்றி உள்ளே வந்த எந்தச் செல்லை இது வெளியே தள்ளும்?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த மார்க்கருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மூன்று வகை மோனோசைட் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

சிடி14-ஐயும் சிடி16-ஐயும் சேர்த்துப் பார்த்துப் பிரித்த கணக்கு. சிடி16 உள்ள மோனோசைட்டுகள் இருக்கின்றன என்பது 1989-இல் வெளிவந்தது. மூன்று வகைக்கும் பொதுவான பெயர் வைத்தது 2010-இல். சிடி14 நிறைய இருந்து சிடி16 இல்லாதது கிளாசிக்கல். ஆரோக்கியமானவருடைய மோனோசைட்டுகளில் ஏறக்குறைய 85 சதவீதம் இதுதான். சிடி14 நிறைய இருந்து சிடி16-ம் இருப்பது இன்டர்மீடியட், சுமார் 5 சதவீதம். சிடி14 குறைந்து சிடி16 ஏறியிருப்பது நான்-கிளாசிக்கல், சுமார் 10 சதவீதம்.

சிடி14-ஐ நெட்டையாகவும் சிடி16-ஐக் கிடையாகவும் வைத்து, ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாக வரும் டாட் பிளாட் போட்டால், புள்ளிகள் மேலே இடப்பக்கம் கெட்டியாகத் தொடங்கி, வலப்பக்கம் நகர்ந்து, அப்படியே வளைந்து கீழே இறங்கும். தென்னை ஓலை வளைந்து தொங்குகிற அதே வளைவு. இந்த வளைவு கிடைத்தால் உங்கள் கேட் (பிளாட்டில் வேண்டிய செல்களை வளைத்து எடுக்கிற கோடு) சரி. ஓலை நடுவில் ஒடிந்து, வலது கீழ் மூலையில் ஒரு தனிக் கட்டி நின்றால் என்கே செல் (லிம்போசைட்டில் ஒரு வகை) உள்ளே வந்திருக்கிறது.

இன்டர்மீடியட்டுக்கும் நான்-கிளாசிக்கலுக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் இன்றைக்கும் ஒவ்வொரு லேபுக்கும் கை வேறுபடும், ஏனென்றால் அங்கே இயற்கையான இடைவெளி எதுவும் இல்லை. ஒரு ஆய்வுக்குள் எல்லா மாதிரிக்கும் ஒரே முறையில் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் பிளாட்டைப் பார்த்துப் பார்த்துக் கோட்டை நகர்த்தினால் வருகிற சதவீதம் நோயாளியுடையது இல்லை, உங்கள் கையுடையது.

எச்எல்ஏ-டிஆர் எதற்கு? சிடி14-ம் சிடி16-ம் போதாதா?

போதாது. என்னிடம் வருகிற பிளாட்டுகளில் அதிகமாகத் திருத்துவது இந்த இடத்தைத்தான்.

சிடி16 மோனோசைட்டின் தனிச்சொத்து கிடையாது. என்கே செல்லில் இருக்கிறது. நியூட்ரோஃபில்லில் அதைவிடப் பலமடங்கு இருக்கிறது. நான்-கிளாசிக்கல் மோனோசைட்டோ சிடி14-ஐக் கிட்டத்தட்டக் கைவிட்ட நிலையில் நிற்கிறது. அப்போது "சிடி14 கம்மி, சிடி16 உண்டு" என்ற விவரம் என்கே செல்லுக்கும் பொருந்திவிடும். அந்நியப் பொருளை டி செல்லுக்கு எடுத்துக் காட்டுகிற புரதமான எச்எல்ஏ-டிஆர் இங்கேதான் உதவும்: மோனோசைட்டில் உண்டு, நியூட்ரோஃபில்லில் இல்லை, ஓய்வில் இருக்கும் என்கே செல்லில் இல்லை. எச்எல்ஏ-டிஆர் உள்ள பி செல்லோ சிடி14, சிடி16 இரண்டும் இல்லாததால் ஓலைக்கு வெளியே இடது கீழ் மூலையில் போய் உட்கார்ந்துவிடும்.

நான் செய்கிற வரிசை இது. முதலில் ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களை நீக்குவேன். பிறகு எல்லா வெள்ளை அணுவிலும் உள்ள சிடி45-க்கு எதிரே சைடு ஸ்கேட்டர் (செல்லில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளி) போட்டு, லிம்போசைட்டுக்கும் கிரானுலோசைட்டுக்கும் (நியூட்ரோஃபில் சேர்ந்த கூட்டம்) நடுவே மோனோசைட் பகுதியைத் தாராளமாக வளைத்துக்கொள்வேன். தாராளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: நான்-கிளாசிக்கல் மோனோசைட் கொஞ்சம் சிறியது, சைடு ஸ்கேட்டரும் குறைவு, லிம்போசைட் ஓரத்தில் ஒட்டி நிற்கும். அழகாக வட்டம் போட ஆசைப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். இப்படித் தாராளமாக எடுப்பதால் உள்ளே வருகிற என்கே செல்லையும் நியூட்ரோஃபில்லையும் அடுத்த பிளாட்டில் எச்எல்ஏ-டிஆர் இல்லாதவை என்று நீக்கிவிடுவேன். கடைசியாகத்தான் சிடி14-க்கு எதிரே சிடி16.

எச்எல்ஏ-டிஆர் குறைந்துபோன நோயாளி என்றால்?

நல்ல கேள்வி. கடுமையான செப்சிஸில் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) மோனோசைட் எச்எல்ஏ-டிஆரை இறக்கிவிடும். அந்த இறக்கத்தையே நோய் எதிர்ப்பு தளர்ந்ததற்கு அடையாளமாக அளக்கிறார்கள். நீங்கள் அளக்கப் போகிற மார்க்கரையே கேட் போடவும் பயன்படுத்தினால், குறைந்துபோன செல்கள் கணக்கிலேயே வராமல், மீதி நன்றாக இருப்பதாகத் தெரியும். அப்படிப்பட்ட மாதிரியில் சிடி14-ஐயும் சிடி64-ஐயும் வைத்து மோனோசைட்டைப் பிடித்துவிட்டு, எச்எல்ஏ-டிஆரைக் கடைசியில் அளவாக மட்டும் பாருங்கள்.

சிடி64, சிடி33, சிடி11பி இவற்றில் எதைச் சேர்க்கலாம்?

இந்த மூன்றில் ஒன்று என்றால் சிடி64. மோனோசைட்டில் எப்போதும் நன்றாகத் தெரியும். சிடி14-ஐ நம்ப முடியாதபோது கைகொடுக்கும். ஆனால் காய்ச்சல், தொற்று, நியூட்ரோஃபில்லைக் கூட்டுகிற ஜி-சிஎஸ்எஃப் ஊசி என்றால் நியூட்ரோஃபில்லும் சிடி64-ஐ ஏற்றிக்கொள்ளும். நான்-கிளாசிக்கலில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்.

சிடி33 மோனோசைட்டில் பளிச்சென்றும் நியூட்ரோஃபில்லில் மங்கலாகவும் வரும், துணைக்கு நல்லது. சிடி11பி, சிடி13 இரண்டும் நியூட்ரோஃபில்லிலும் தாராளமாக இருப்பதால் பிரிப்பதற்கு உதவாது. முதிர்ந்த மோனோசைட்டைக் காட்ட சிடி300இ இருக்கிறது, லுக்கீமியா பார்க்கிற லேபுகள் விரும்பிப் போடுவார்கள்.

சிடி4 பற்றி ஒரு வார்த்தை. மோனோசைட்டிலும் சிடி4 உண்டு, மங்கலாக. சிடி3 போடாமல் வெறும் சிடி4-ஐ வைத்து டி செல் எண்ணினால் மோனோசைட்டுகளும் கூட்டத்தில் சேர்ந்து எண்ணிக்கை ஏறிவிடும். எச்ஐவி சிகிச்சையில் இருப்பவருடைய கணக்கில் இந்தத் தப்பு வரவே கூடாது.

சிடி14 முழுசாகக் காணாமல் போகும் நோய் என்று சொன்னீர்களே?

பிஎன்எச். சிவப்பணுக்கள் ரத்தத்துக்குள்ளேயே உடைகிற நோய் இது. பிக்-ஏ என்ற ஜீன் கெட்டுப்போவதால், சில புரதங்களைச் செல்லின் மேல் கட்டிவைக்கிற ஜிபிஐ நங்கூரம் உருவாகாது. சிடி14 அந்த நங்கூரத்தில் தொங்குகிற புரதம். நங்கூரம் இல்லையென்றால் சிடி14-ம் இல்லை. ஆனால் மோனோசைட் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. நம் மாவட்டத்தின் மலையோரத்தில் ரப்பர் வெட்டப் போகிற ஒருவர். விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது போகிற சிறுநீர் பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் இருக்கிறது, மத்தியானத்துக்குள் தெளிந்துவிடுகிறது. ரத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு லேபில் ஃப்ளோ பார்த்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பிள்ளை ராத்திரியில் எனக்குப் பிளாட்டை அனுப்பிக் கேட்டது: "அக்கா, இந்த ஆளுக்கு மோனோசைட்டே இல்லியே?" ரத்த அணுக்களை எண்ணும் கவுண்ட்டர் மெஷினின் ரிப்போர்ட்டில் மோனோசைட் 6 சதவீதம். பிளாட்டில் சிடி14 உள்ள செல்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. "மக்ளே, இல்லாதது செல் இல்ல, சிடி14. சிடி64 போட்டுப் பாரு" என்றேன். மறுநாள் போட்டபோது சிடி64 பளிச்சென்று, சிடி14 இல்லாமல், மோனோசைட் கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. நியூட்ரோஃபில்லில் சிடி16-ம் இல்லை.

அதனால்தான் பிஎன்எச் பேனலில் (சேர்த்துப் போடுகிற மார்க்கர் தொகுப்பில்) மோனோசைட்டைச் சிடி64-ஆல் பிடித்துவிட்டு, சிடி14 அல்லது சிடி157, கூடவே நங்கூரத்திலேயே நேராக ஒட்டுகிற ஃப்ளேர் என்ற ஒளிரும் பொருள் என்று பார்க்கிறார்கள். கேட் போடுகிற மார்க்கர் ஒருபோதும் ஜிபிஐ-யில் தொங்குவதாக இருக்கக் கூடாது. ஒரு நுணுக்கம்: சிடி16-இல் இரண்டு வகை உண்டு. நியூட்ரோஃபில்லில் இருப்பது ஜிபிஐ-யில் தொங்குவது, பிஎன்எச்-இல் போய்விடும். என்கே செல்லிலும் மோனோசைட்டிலும் இருப்பது சவ்வுக்குள் ஊடுருவி நிற்பது, போகாது. சிடி16-க்கு வழக்கமாகப் போடுகிற 3ஜி8 என்ற ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும்.

சிஎம்எம்எல் சந்தேகத்தில் 94 சதவீதம் என்கிறார்களே?

நாள்பட்ட மைலோமோனோசைட்டிக் லுக்கீமியாவில் (சிஎம்எம்எல்) கிளாசிக்கல் மோனோசைட் மட்டும் பெருகி, மொத்த மோனோசைட்டில் 94 சதவீதத்தைத் தாண்டும் என்று 2015-இல் காட்டினார்கள். தொற்றினால் மோனோசைட் ஏறியவர்களிடம் பொதுவாக அப்படி வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில், மோனோசைட் வகைகளின் விகிதம் மாறியிருப்பது துணை அளவுகோலாகச் சேர்ந்திருக்கிறது. மோனோசைட் எண்ணிக்கைக்கான எல்லையும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1000-லிருந்து 500-ஆக இறங்கியது.

மேலே சொன்ன கேட் தப்புகள் எவ்வளவு பெரியவை என்பது இங்கேதான் தெரியும். நான்-கிளாசிக்கலை வட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டால் ஆரோக்கியமானவரும் 94-ஐத் தாண்டிவிடுவார். என்கே செல்லை உள்ளே விட்டால் உண்மையான நோயாளி 94-க்குக் கீழே போய்விடுவார். கூடவே மூட்டுவாதம் போன்ற அழற்சி நோய் இருந்தால் இன்டர்மீடியட் கூடி, நோய் இருந்தும் எண் இறங்கலாம். எண்ணை மட்டும் எழுதாதீர்கள். வளைவு எப்படி இருந்தது என்றும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

கடுமையான மோனோசைட்டிக் லுக்கீமியாவில்?

சிடி14 கடைசியில் வருகிற மார்க்கர். மோனோசைட்டின் முதிராத முதல் நிலையான மோனோபிளாஸ்டில் பெரும்பாலும் இருக்காது. அதற்கு அடுத்த நிலையான புரோமோனோசைட்டில் ஏறியும் இறங்கியும் இருக்கும். சிடி64, எச்எல்ஏ-டிஆர், சிடி33, சிடி11சி, சிடி36 என்று விரித்துப் பார்க்க வேண்டும். சிடி14 இல்லை என்பதால் மோனோசைட் வம்சம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. வழக்கமாக என்கே செல்லில் இருக்கும் சிடி56 இடம் மாறி மோனோசைட்டில் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிகளில் சிடி56 உள்ளதையெல்லாம் என்கே என்று தூக்கி வெளியே போட்டால் நோயையே தூக்கிப் போட்டதாக ஆகிவிடும்.

எங்களிடம் நாலு நிற மெஷின்தான் இருக்கிறது.

தாராளமாகப் போதும். ஃபிட்சி, பிஇ, பெர்சிபி, ஏபிசி என்பவை ஒளிரும் சாயங்களின் பெயர்கள். எச்எல்ஏ-டிஆர் ஃபிட்சியில், சிடி16 பிஇ-யில், சிடி45 பெர்சிபி-யில், சிடி14 ஏபிசி-யில். எச்எல்ஏ-டிஆர் செல்லில் நிறைய இருப்பதால் மங்கலான ஃபிட்சி தாங்கும். சிடி14 நான்-கிளாசிக்கலில் குறைவாக இருப்பதால் அதற்குப் பிரகாசமான நிறம் வேண்டும். பலரும் பழக்கத்தால் சிடி14-ஐ ஃபிட்சியில் வாங்கிவிட்டு, ஓலையின் கீழ்முனை தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

எட்டு நிறம் இருந்தால் சிடி64 சேருங்கள். டி செல்லின் சிடி3, பி செல்லின் சிடி19, என்கே செல்லின் சிடி56 மூன்றையும் ஒரே நிறத்தில் போட்டு, அந்த நிறம் வந்ததையெல்லாம் நீக்க ஒரு குப்பை வாய்க்கால் வையுங்கள். லுக்கீமியா மாதிரியில் மட்டும் சிடி56-ஐ அந்த வாய்க்காலில் சேர்க்காதீர்கள். இறந்த செல்லைக் காட்டும் சாயமும் ஒன்று இருக்கட்டும்.

சம்பந்தமில்லாத ஆன்டிபாடிக்கெல்லாம் மோனோசைட் பாசிட்டிவ் காட்டுகிறதே?

மோனோசைட்டின் குணம் அது. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கிற எஃப்சி ரிசப்டர் அதில் ஏராளம். சிடி64, சிடி16 இரண்டுமே அந்தக் குடும்பம்தான். சாயம் போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மனித ஐஜிஜி அல்லது எஃப்சி பிளாக் சேர்த்து அந்த வாய்களை முதலிலேயே நிறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இரண்டு சாயங்களை ஒன்றாக இணைத்த டான்டம் சாயங்கள். பிஇ-சை5, பிஇ-சை7, ஏபிசி-சை7 போன்றவற்றில் இருக்கிற சையனின் பகுதி, ஆன்டிபாடி எதுவாக இருந்தாலும் மோனோசைட்டில் போய் ஒட்டும். சாதாரண எஃப்சி பிளாக் இதை முழுதாக நிறுத்தாது. இதற்கென்று மோனோசைட் பிளாக்கர் விற்கிறார்கள். மேலே சொன்ன நாலு நிறத்தில் ஒரு டான்டம்கூட இல்லாதது வேண்டுமென்று செய்ததுதான். எல்லை வைக்க ஐசோடைப் கன்ட்ரோலைவிட (எந்த மார்க்கரையும் குறிவைக்காத ஆன்டிபாடி போட்ட டியூப்) எஃப்எம்ஓ நம்பகமானது: எல்லா நிறமும் போட்டு, சந்தேகமுள்ள ஒன்றை மட்டும் விட்டுவிட்ட டியூப்.

எலி ரத்தத்துக்கும் இதே பேனல் போடலாமா?

கூடாது. எலியில் சிடி11பி, சிடி115 வைத்துப் பிடித்து, லை6ஜி உள்ள நியூட்ரோஃபில்லை நீக்கி, லை6சி-யால் பிரிக்க வேண்டும். லை6சி அதிகம் என்றால் நம் கிளாசிக்கலுக்கு இணை, குறைவு என்றால் நான்-கிளாசிக்கலுக்கு இணை. எல்லாம் ஐஸில் வைத்துச் செய்யுங்கள்.

நாகர்கோவிலில் எடுத்த ரத்தத்தைத் திருவனந்தபுரம் அனுப்பினால் மார்க்கர் மாறிவிடுமா?

மாறும், எந்த மார்க்கர் என்பதைப் பொறுத்து. வழி எழுபது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டத்தான். ஆனால் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பஸ் நிற்கிற நேரத்தையும், டியூப் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் சூட்டில் இருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

வகைப் பிரிப்பு மட்டும் என்றால், ரத்தம் உறையாமல் வைக்கிற இடிடிஏ டியூபில், அறை வெப்பநிலையில், அன்றைக்கே சாயம் போட்டுவிட்டால் நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். மோனோசைட் தூண்டப்பட்டால் சிடி16-ஐ வெட்டி உதிர்த்துவிடும், சிடி11பி-யை ஏற்றிக்கொள்ளும். ஓலை குட்டையாவது இப்படித்தான். எச்எல்ஏ-டிஆர் அளவு வேண்டுமென்றால் சட்டம் வேறு: அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அது தானாக ஏறும், அதனால் எடுத்தவுடன் 4 டிகிரியில் வைத்து, நாலு மணி நேரத்துக்குள் சாயம் போட வேண்டும். ஐஸ் கட்டி டியூபை நேராகத் தொடாதபடி நடுவே ஒரு துணி.

டியூபின் மேல் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் எழுதி வருகிற டியூபில் சிடி16 குறைவாக இருந்தால், அது நோயாளியிடம் குறைந்ததா வழியில் குறைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லித்தான் போன் பண்ணுவேன்.